"எத்தனை இன்ச் கூட்டணும்?": ஜீப்பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மாற்றும் முன்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் என் மாருதி ஜிப்ஸி ஜீப் ஒழுங்காகத்தான் இறங்கியது. அடிவாரம் தாண்டி, கோரிமேட்டை நோக்கிச் சாலை நேரானதும் நாலாவது கியர் போட்டு 50-ஐத் தொட்டேன். கியர் கம்பி நடுங்க ஆரம்பித்தது. 55-இல் இருக்கைக்கு அடியிலிருந்து தடதடவென்று அதிர்வு. 60 போக மனம் வரவில்லை. ஓரம் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரு போல்ட்கூடத் தளரவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் வண்டியை 2 இன்ச் உயர்த்தியிருந்தேன். காபித் தோட்டத்துப் பாதைகளில் மழைக்குப் பிறகு மண் அரித்துப் பாறையும் சில்வர் ஓக் வேரும் தலை நீட்டும். அடி தட்டாமல் போக வேண்டும் என்பதற்காக. உயர்த்தியதும், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் பின்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு நீளம் போதவில்லை. கழற்றிக்கொண்டு போய் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். அங்கே கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை இன்ச் கூட்டணும் தம்பி?" நானும் ஓர் எண்ணைச் சொன்னேன். மறுநாள் மாலை ஷாஃப்ட் தயார்.

அந்தக் கேள்வி தவறில்லை. அதோடு நின்றதுதான் தவறு. நீளத்தோடு இன்னும் இரண்டைக் கேட்டிருக்க வேண்டும்: ஷாஃப்ட் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது, அதன் இரு முனையிலும் உள்ள கவட்டைகளின் காதுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா. அந்த மூன்றையும் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஷாஃப்ட் என்ன செய்கிறது

எஞ்சின் வண்டியின் முன்னால் இருக்கிறது. அது தரும் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து பின் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட், முன் அச்சுக்கு ஒரு ஷாஃப்ட். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகச் சேசிஸில் தொங்குவதால், இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட்டும் உண்டு. ஆக மொத்தம் மூன்று.

ஒவ்வொன்றும் பார்வைக்கு வெறும் குழாய்தான். ஆனால் அது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. சுழற்சியைக் கடத்துகிறது. சுழன்றுகொண்டே மடங்குகிறது. சுழன்றுகொண்டே நீண்டு சுருங்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் சேசிஸோடு சேர்ந்தது. அச்சோ ஸ்பிரிங் பட்டையோடு பிணைந்தது, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும். ஒன்று நிலையாக நிற்க, இன்னொன்று ஆட, இரண்டையும் விடாமல் பிணைப்பது இந்தக் குழாய்.

மடங்குவதற்கு இரு முனையிலும் கிராஸ் இருக்கிறது. கூட்டல் குறி வடிவத்தில் நாலு கை கொண்ட இரும்புத் துண்டு. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கப். கப்புக்குள் வரிசையாக ஊசி பேரிங்குகள். எதிரெதிரான இரண்டு கைகளை ஒரு யோக்கின் காதுகள் பிடிக்கும், மற்ற இரண்டை அடுத்த யோக்கின் காதுகள் பிடிக்கும். யோக் என்பது உண்டிவில் கவட்டை போன்ற இரும்பு. நீண்டு சுருங்குவதற்கு ஸ்லிப் இருக்கிறது. பல் வெட்டிய தண்டு ஒன்று, அதே பல் உள்ளே வெட்டிய உறைக்குள் சறுக்கும்.

இந்தக் கிராஸ் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் இதைக் கார்டன் ஜாயிண்ட் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதைத் தன் கருவிகளில் பயன்படுத்தினார் என்பதால் ஹூக் ஜாயிண்ட் என்றும் பெயர். சங்கிலி வைத்துச் சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். உதிரிபாகக் கடைகளின் கிராஸ் பெட்டிகளில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட்டுக்கு என்ன ஆகிறது

ஜீப்பை உயர்த்துகிறோம் என்றால், சேசிஸையும் அதன் மேல் உள்ளதையும்தான் உயர்த்துகிறோம். அச்சு அதே உயரத்தில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போக, அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியன் கீழேயே இருக்க, நடுவில் உள்ள ஷாஃப்ட் இன்னும் அதிகமாகச் சாய்கிறது. சாய்ந்தால் நீளமும் கூட வேண்டும். சுவரில் சாய்த்த ஏணியின் கால் நகராமல், தலையை மட்டும் ஓர் அடி மேலே ஏற்ற வேண்டும் என்றால் ஏணி நீளமாக வேண்டும் அல்லவா, அதுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பினியனுக்கும் இடையே கிடைமட்டத் தூரம் 590 மி.மீ., உயர வித்தியாசம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நீளம் சுமார் 598 மி.மீ., சாய்வு 9.6 டிகிரி. வண்டியை 50 மி.மீ., அதாவது 2 இன்ச் உயர்த்தினால் நீளம் சுமார் 609, சாய்வு 14.3 டிகிரி. நீளத்தில் கூடியது வெறும் 10 மி.மீ. தான், சாய்வில் கூடியது ஏறத்தாழப் பாதி. ஸ்பிரிங் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி 5 இன்ச் வரை உயர்த்துகிறவர்கள் உண்டு. அதே வண்டியில் அப்படிச் செய்தால் நீளம் 33 மி.மீ. கூடும், சாய்வு 21 டிகிரியைத் தொடும்.

இந்த எண்களைச் சற்று நேரம் பாருங்கள். நீளக் குறைவு சின்னதாக இருந்தாலும் ஷாஃப்ட் கழன்று தொங்குவதால் கண்ணில் படுகிறது, எல்லோரும் அதைச் சரிசெய்கிறார்கள். கோண மாற்றம் பெரிதாக இருந்தாலும் மாட்டிவிட்டால் மாட்டிக்கொள்கிறது, ஒருவரும் கவனிப்பதில்லை. குட்டை வண்டிகளில்தான் இது அதிகம் உறுத்தும். லாரிக்கு 2 இன்ச் உயர்ந்தால் அதன் நீண்ட ஷாஃப்ட்டுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அரை மீட்டர் ஷாஃப்ட்டுக்கு 2 இன்ச் என்பது 5 டிகிரி.

மடங்கிய கிராஸ் சீராகச் சுற்றாது

இதுதான் புரிந்துகொள்ளச் சிரமமான இடம். ஆனால் கையாலேயே உணர்ந்து பார்த்துவிடலாம். பட்டறை சாக்கெட் செட்டில் மடங்கும் துண்டு ஒன்று இருக்கும். அதை ராட்செட்டில் மாட்டி, ஒரு போல்ட்டில் வைத்து, 45 டிகிரி வரை மடக்கிக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். கை ஒரே சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் வேகமாக ஓடும், பிறகு மெதுவாகும், மறுபடி ஓடும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை.

காரணம் இது. வட்டமான தாம்பாளத்தை நேராகப் பிடித்தால் வட்டமாகத் தெரியும். சாய்த்துப் பிடித்தால் முட்டை வடிவமாகத் தெரியும். கிராஸின் ஒரு ஜோடிக் கை ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. அடுத்த ஜோடி அதற்குச் சாய்ந்த இன்னொரு வட்டத்தில் சுற்றுகிறது. ஒன்றின் கண்ணுக்கு மற்றது முட்டை வடிவம். முட்டையின் நீண்ட பக்கமும் குறுகிய பக்கமும் மாறிமாறி வரும்போது, ஒன்று மற்றதை ஒரு கணம் முந்தும், அடுத்த கணம் பின்தங்கும்.

எவ்வளவு முந்தும்? 10 டிகிரி மடங்கினால் ஏறத்தாழ 1.5 சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதம். 30 டிகிரியில் 15. கோணம் இரட்டித்தால் குலுக்கம் நாலு மடங்காகிறது. 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் விலை உண்டு என்பது இதனால்தான்.

1.5 சதவீதம் சின்னதுதானே என்று தோன்றலாம். 70 செ.மீ. விட்டமுள்ள டயர், கிரவுன்–பினியன் விகிதம் 4 (ஷாஃப்ட் நாலு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு இரண்டு குலுக்கல் வீதம் நொடிக்கு 60 தட்டு. அந்தத் தட்டின் பலமோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும்: 20 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் 60-இல் ஒன்பது மடங்கு. மலைப்பாதையில் 20, 25-க்கு மேல் போக முடியாது. அதனால்தான் 20 வளைவுகளிலும் பேசாமல் இருந்த என் ஷாஃப்ட், அடிவாரம் தாண்டியதும் பேசியது. திரும்ப யோசித்தால் ஏறும்போதே ஒரு முனகல் இருந்தது. எஞ்சின் இரைச்சலில் அதை விட்டுவிட்டேன்.

இரண்டு கிராஸ் ஏன், காதுகள் ஏன் நேராக இருக்க வேண்டும்

ஒரு கிராஸ் செய்யும் குளறுபடியை இன்னொரு கிராஸால் கழித்துவிடலாம். முதல் கிராஸ் குழாயை முந்த வைக்கும் அதே கணத்தில் இரண்டாவது கிராஸ் பினியனைப் பின்தங்க வைத்தால், பினியனுக்குச் சேரும் சுழற்சி சீராகிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை. இரு கிராஸும் ஒரே அளவு மடங்கியிருக்க வேண்டும். குழாயின் இரு முனையிலும் பற்றவைத்த யோக்குகளின் காதுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஷாஃப்ட்டைக் கழற்றிச் சமதரையில் கிடத்துங்கள். ஒரு முனையின் காதுகள் வானம் பார்த்தால் மறுமுனையின் காதுகளும் வானம் பார்க்க வேண்டும். என் ஷாஃப்ட்டில் ஒன்று வானம் பார்த்தது, மற்றது பக்கவாட்டில் பார்த்தது. கால் சுற்றுத் தள்ளிப் பற்றவைத்திருந்தார்கள். கழிய வேண்டியது கூடிவிட்டது.

பற்றவைப்பில் மட்டும் இந்தத் தவறு நேர்வதில்லை. கிரீஸ் போட ஸ்லிப்பை உருவிவிட்டு, திருப்பிச் செருகும்போது ஒரு பல் தள்ளிச் செருகினாலும் போயிற்று. 16 பல் இருக்கும் ஸ்லிப்பில் ஒரு பல் என்றால் 22.5 டிகிரி. உருவுவதற்கு முன் இரு பாகத்திலும் பஞ்ச் வைத்து நேருக்கு நேர் ஒரு புள்ளி போட்டுவிடுங்கள். சில ஷாஃப்ட்களில் கம்பெனியே அம்புக்குறி போட்டிருக்கும். சேறும் கிரீஸும் மூடியிருக்கும், துடைத்தால் தெரியும்.

இரண்டும் கழிந்துவிட்டால் எவ்வளவு கோணம் வேண்டுமானாலும் வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. பினியன் சீராகச் சுற்றினாலும் நடுக்குழாய் முந்திப் பின்தங்கிக் குலுங்கிக்கொண்டேதான் இருக்கும், அதன் எடை கிராஸ்களை அடிக்கும். கோணம் கூடக்கூட யோக்கின் காதுகளே ஒன்றோடொன்று இடிக்கவும் ஆரம்பிக்கும். மறுபக்கம், கோணமே இல்லாமல் பூச்சியமாக இருப்பதும் நல்லதில்லை. ஊசி பேரிங் உருள வேண்டும். உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தினால் கிராஸின் கையில் வரிவரியாகத் தழும்பு விழும். ஒரு டிகிரியாவது மடங்கியிருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு 3 டிகிரிக்குள் இருப்பது உத்தமம். குட்டை ஜீப்பில் அது கனவு. 10, 11-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, இரு முனைக் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகச் செய்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

அளக்கும் வேலை

வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும், அளப்பதற்கு முன் வண்டி தாழ்ந்து படிய வேண்டும். புதுப் பட்டை போட்ட அன்றே அளந்தால், ஒரு மாதத்தில் பட்டை சற்றே இறங்கி எல்லா எண்ணும் மாறிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடட்டும். வழக்கமாக என்ன ஏற்றுவீர்களோ அதை ஏற்றிக்கொண்டு, சமதரையில், நாலு சக்கரமும் தரையில் இருக்க அளவெடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியில் எடுத்த அளவு வேறு வண்டியின் அளவு.

கோணம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டமும் கோணமானியும் போதும்; இப்போது கைப்பேசியிலேயே சாய்வு காட்டும் செயலி இருக்கிறது. மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்ச். என் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் 3 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது, ஷாஃப்ட் 14 டிகிரி, பினியன் 6 டிகிரி. முன் கிராஸ் மடங்குவது 14-இல் 3 போக 11. பின் கிராஸ் மடங்குவது 14-இல் 6 போக 8. காதுகள் நேராக இருந்திருந்தாலும் இந்த 3 டிகிரி வித்தியாசம் கழியாமல் நின்றிருக்கும்.

பினியன் ஏன் 6-க்குப் போனது? நான் வண்டியைப் பாதி பட்டையாலும், பாதி பட்டையின் நுனியைச் சேசிஸில் தொங்கவிடும் ஷாக்கிள் என்ற இணைப்பாலும் உயர்த்தியிருந்தேன். பின் பட்டையின் முன்முனை சேசிஸில் நிலையாக மாட்டியது, பின்முனை ஷாக்கிளில் தொங்குவது. ஷாக்கிளை 2 இன்ச் நீட்டினால் வண்டி ஓர் இன்ச்தான் உயரும். ஆனால் பட்டை முழுவதும் பின்பக்கம் சாயும், அதோடு சேர்ந்து அச்சும் சுழன்று பினியனின் மூக்கு மேலே பார்க்கும். ஏறத்தாழ 3 டிகிரி. மலிவான வழி என்பதால் நிறையப் பேர் ஷாக்கிளை நீட்டுகிறார்கள். நீட்டுங்கள், ஆனால் பினியன் எங்கே பார்க்கிறது என்பதையும் பாருங்கள். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் ஆப்பு வைத்தால் மூக்கைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம். 3 டிகிரி இரும்பு ஆப்பு வைத்ததும் என் பின் கிராஸும் 11-க்கு வந்தது. அலுமினிய ஆப்பும் விற்கிறார்கள். மலை வண்டிக்கு வேண்டாம், நாளடைவில் நசுங்கிவிடும். முன் அச்சில் மட்டும் இப்படித் தன்னிஷ்டத்துக்கு ஆப்பு வைக்காதீர்கள். அங்கே அச்சைச் சுழற்றினால் ஸ்டீயரிங்கின் கேஸ்டர் கோணம் மாறி வண்டி நேராக ஓட மறுக்கும்.

நீளத்துக்கு மூன்று அளவு வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது, அச்சு முழுக்கத் தொங்கும்போது, அச்சு முழுக்க மேலேறி ரப்பரில் முட்டும்போது. ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை எடுங்கள். முழுக்கத் தொங்கும்போது ஸ்லிப்பின் பல், தன் விட்டத்தின் அளவுக்காவது உறைக்குள் இருக்க வேண்டும். முழுக்க மேலேறும்போது ஸ்லிப் அடி முட்டாமல் ஓர் இன்ச் மிச்சம் இருக்க வேண்டும். நீளம் போதவில்லை என்ற பயத்தில் சிலர் தாராளமாகக் கூட்டிவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து: பள்ளத்தில் விழுந்த வேகத்தில் ஸ்லிப் முட்டினால், வண்டியின் முழு எடையும் ஷாஃப்ட் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கில் இறங்கும்.

என்னென்ன வழிகள்

ஓரிரு இன்ச் அளவுக்கு உயர்த்தி, 10, 15 மி.மீ. மட்டும் குறைகிறது என்றால் ஷாஃப்ட்டை வெட்டவே வேண்டாம். ஃபிளாஞ்சுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் கடைந்து வைத்து, அதற்கேற்ற நீளமான 10.9 தர (வலிமை கூடிய) போல்ட் போட்டால் முடிந்தது. ஸ்பேசரின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, நடு மேடும் பள்ளமும் ஃபிளாஞ்சோடு இறுக்கமாகப் பொருந்தும்படி கடைய வேண்டும். போல்ட் ஓட்டை மட்டும் பொருந்தினால் போதாது. நான் முதலில் இதைச் செய்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் போனால் குழாயை மாற்ற வேண்டும். பழைய குழாயை நடுவில் வெட்டி ஒரு துண்டைச் செருகிப் பற்றவைப்பதைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். இரண்டு பற்றுக்குப் பதில் நாலு பற்று, நாலு இடத்தில் கோணல் வர வாய்ப்பு. முழு நீளத்துக்கும் புதுக் குழாய் போடுவதே முறை. சீம்லெஸ், அதாவது நெடுக்கில் பற்றுத் தையல் இல்லாத குழாயாக இருக்கட்டும். சுவர் தடிமன் பழையதைவிடக் குறையக் கூடாது. தண்ணீர்க் குழாய் இதற்கு ஆகாது. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது என்றாலும், முதல் கியரில் 3.5 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான லோ ரேஞ்சில் இன்னொரு 2.2 மடங்கு என்று பெருகினால் ஷாஃப்ட்டுக்கு வருவது 770. பாறையில் சக்கரம் சிக்கிக் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அதற்கும் மேல்.

4, 5 இன்ச் உயர்த்தியவர்களுக்குக் குழாய் மட்டும் போதாது. அவர்களுக்கு இரட்டைக் கிராஸ் வேண்டும்: டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு கிராஸை அடுத்தடுத்து வைத்து, மடக்கத்தை இரண்டும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. குளறுபடி அங்கேயே கழிந்துவிடும். அப்போது பினியன் முனையில் கோணமே தேவையில்லை என்பதால், ஆப்பு வைத்து பினியனின் மூக்கை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கத் திருப்ப வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பட்டை முறுகி மூக்கு இன்னும் சற்று ஏறும் என்பதற்காக ஓரிரு டிகிரி கீழே விட்டுவைப்பார்கள். மூக்கு அதிகம் ஏறினால் பினியனின் முன் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். செலவும் கூடுதல், வேலையும் கூடுதல். தோட்டப் பாதைக்கும் மண் ரோட்டுக்கும் 2 இன்ச்சே தாராளம் என்பது என் கருத்து.

லேத்தில் நிற்கும்போது

சங்ககிரி, நாமக்கல் இரண்டும் லாரித் தொழிலுக்குப் பெயர்போன ஊர்கள். சேலத்தைச் சுற்றி ஷாஃப்ட் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. என் ஷாஃப்ட்டை இரண்டாம் முறை செய்து தந்தவர் லாரி ஷாஃப்ட்டிலேயே ஆயுசைக் கழித்த பெரியவர். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பற்றை லேத்தில் கடைந்து யோக்கை உருவினார். புதுக் குழாயின் வாயை யோக்கின் கழுத்துக்கு ஏற்பக் கடைந்து, அடித்து இறக்கும் அளவு இறுக்கமாகப் பொருத்தினார். இரு முனைக் காதுகளையும் சமதளப் பலகையில் வைத்து ரசமட்டம் பார்த்தார். நாலு இடத்தில் பொட்டு வைத்ததுபோல் பற்றவைத்து, லேத்தில் மாட்டிச் சுழற்றி, டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்குள் வந்த பிறகே முழுப் பற்று.

"கிராஸைக் கழட்டிட்டுத்தான் வெல்டு வைக்கணும் தம்பி. இல்லேன்னா எர்த்தை வெல்டு வைக்கிற துண்டுலயே கடிக்கணும்," என்றார். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை மறுமுனையில் மாட்டினால் மின்சாரம் ஊசி பேரிங் வழியாகப் பாயும். ஊசிக்கும் கப்புக்கும் இடையே பொறி பறந்து குழி விழும். புதுக் கிராஸ் போட்டும் சீக்கிரமே கொடகொடவென்று ஆடுகிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக பேலன்சிங். இதை மிச்சம் பிடிக்காதீர்கள். குழாயின் ஓரத்தில், மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி 10 கிராம் மட்டும் கூடுதலாக இருந்தால் 1,800 சுற்றில் அது சுமார் ஒன்றரைக் கிலோ எடையாக இழுக்கும். 3,000 சுற்றில் 4 கிலோ. இழுக்கும் திசையும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் கோளாறு சுற்றுக்கு ஒரு முறை அதிரும், கோணக் கோளாறு இரண்டு முறை. கை பழகியவர்களுக்கு முன்னது தளர்வான ஆட்டமாகவும் பின்னது நெருக்கமான நடுக்கமாகவும் தெரியும்.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை

வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினால் நிற்பது ஷாஃப்ட் வழியாகத்தான். பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய கணமே கியருக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். அதைவிட முக்கியம்: வில்லிஸ் காலத்து ஜீப்புகளிலும் நாலு சக்கரமும் இழுக்கும் வேறு சில சிறு வண்டிகளிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் போனால் ஹேண்ட் பிரேக்கும் போனது. ஏற்காட்டில் சமதரை தேடுவதே ஒரு வேலை. மலையில் லாரி நின்றதும் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவாரே, அதை முதலில் செய்யுங்கள். இரு சக்கரங்களுக்கு, இரு பக்கமும். பிறகு படுத்து ஸ்பேனரைத் தொடுங்கள்.

ஷாஃப்ட்டின் முன்முனைக்குக் கீழே சேசிஸில் ஒரு இரும்பு வளையம் மாட்டிவைப்பது நல்லது. ஓடும்போது முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போடும். வளையம் அதை விழவிடாது. இன்னொன்று, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பெரிய மாற்றம் எண்ணியிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

மாட்டிய பிறகு

புது நட், கம்பெனி சொன்ன இறுக்கம், கிரீஸ். கிரீஸ் நிப்பிளில் அடிக்கும்போது நாலு கப்பின் ஓரத்திலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கை காய்ந்து சாகும். கியர் போட்டு நகரும்போது "டக்" என்றால் கிராஸோ ஸ்லிப்போ தேய்ந்திருக்கிறது. மெதுவாக உருளும்போது குருவி கத்துவதுபோல் கீச்கீச் என்றால் ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் துருவேறியிருக்கிறது. மழைக்காலத்தில் ஓடையும் சேறும் தாண்டுகிற வண்டிக்கு இந்தக் கீச்சொலி முதலில் வரும்.

என் ஜிப்ஸியை அதே பாதையில் மறுபடி இறக்கினேன். கோரிமேட்டுக்கு முந்திய அந்த நேர்ச்சாலையில் 50, 55, 60. கியர் கம்பி மேல் கையை வைத்தபடியே போனேன். எஞ்சினின் துடிப்பு மட்டும்தான் கையில் தெரிந்தது. 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்தேன், ஒன்று கால் திருகு வாங்கியது. ஸ்லிப்பின் இரு பாகத்திலும் பெரியவர் பஞ்ச் வைத்து நேருக்கு நேர் இரண்டு புள்ளி போட்டு, மேலே வெள்ளைப் பெயிண்ட் தொட்டுத் தந்திருக்கிறார். மழை முடிந்து ஷாஃப்ட்டை இறக்கும்போது சேற்றைத் துடைத்துவிட்டு நான் முதலில் தேடுவது அந்த இரண்டு புள்ளிகளைத்தான்.